ஊருக்கே தெரிந்த ரகசியம்: அமெரிக்கத் தெற்கின் குடும்ப நாவல்களை எப்படி வாசிப்பது?

ஒரு வாசகரின் கேள்வி இது: "அமெரிக்காவின் தென்மாநிலங்களில், ஏதோ ஒரு சிற்றூரில், பழைய காலத்தில் நடக்கும் குடும்ப ரகசிய நாவல்களைப் படிக்க ஆசை. இரண்டு மூன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை. ரகசியம் வெளியே வரும் இடத்தில்கூட ‘இதற்கா இவ்வளவு?’ என்றுதான் தோன்றியது. எதைக் கவனித்துப் படிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?"

அந்த ‘இதற்கா இவ்வளவு?’ என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் குழப்பங்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

துப்பறியும் கதைகளில் ரகசியம் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு கெட்டிக்காரர் கண்டுபிடிப்பார். அந்தப் பழக்கத்திலேயே இந்த நாவல்களையும் படிக்கிறோம். ஆனால் இந்தச் சிற்றூர்களில் ரகசியம் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும். சமையல்காரிக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், கோர்ட் குமாஸ்தாவுக்குத் தெரியும், சாயங்காலம் எதிர்வீட்டு முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் கிழவிகளுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதனால் ‘என்ன ரகசியம்?’ என்று தேடிக்கொண்டே போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது யாருக்கெல்லாம் முன்பே தெரியும், அவர்கள் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் யாருடைய நிலம் போயிருக்கும், யாருடைய பெயர் கெட்டிருக்கும், யாருடைய உயிர் போயிருக்கும் என்று கேட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். சப்பென்று தோன்றிய பக்கங்களெல்லாம் பேச ஆரம்பிக்கும்.

இது நாவலாசிரியர்கள் கற்பனை செய்த நிலைமை இல்லை. மேரி செஸ்நட் என்று ஒரு பெண்மணி. தென் கரோலினாவில் ஏராளமான அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் மருமகள். கணவர் செனட்டராக இருந்தவர். வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் வெடிக்கச் சில வாரங்களே இருந்த 1861 மார்ச் மாதத்தில் மேரி தன் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இது: அடுத்தவர் வீடுகளில் இருக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கெல்லாம் அப்பா யார் என்று எந்தச் சீமாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், தன் வீட்டில் இருக்கும் குழந்தைகள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை என்று நினைத்துக்கொள்கிறாள். பண்ணை எஜமானர்களும் அவர்களுடைய மகன்களும் அடிமைப் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை ஊரே பார்த்தது, ஒவ்வொரு வீடும் தன் வீட்டை மட்டும் பார்க்க மறுத்தது. பின்னால் வந்த நாவல்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான்.

போருக்குப் பிறகும் இது மாறவில்லை என்பதற்கு உண்மை வாழ்க்கையிலேயே ஒரு கதை இருக்கிறது. எந்த நாவலுக்கும் குறைந்தது இல்லை. ஸ்ட்ராம் தர்மண்ட் தென் கரோலினாவின் ஆளுநர், பிறகு பல பத்தாண்டுகள் செனட்டர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலக்கவே கூடாது என்ற கொள்கையை முன்வைத்து 1948இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். 1957இல் கறுப்பினத்தவருக்கான சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து செனட்டில் 24 மணி நேரம் 18 நிமிடம் நின்று பேசியவர். 2003 ஜூனில், 100 வயதில் இறந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற, 78 வயதான எஸ்ஸி மே வாஷிங்டன்-வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, தான் அவருடைய மகள் என்று அறிவித்தார். அவருடைய தாய் கேரி பட்லர், எட்ஜ்ஃபீல்ட் என்ற சிற்றூரில் தர்மண்டின் பெற்றோர் வீட்டில் வேலை செய்த பெண். குழந்தை பிறந்த 1925இல் தாய்க்கு 16 வயது, தகப்பனுக்கு 22. குழந்தையைப் பென்சில்வேனியாவில் ஒரு சித்தியோ பெரியம்மாவோ வளர்க்க வேண்டியிருந்தது. 1941இல்தான் மகள் முதன்முதலாகத் தகப்பனைப் பார்த்தாள், அதுவும் அவருடைய வக்கீல் அலுவலகத்தில். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் பணம் கொடுத்துவந்தார். ஆளுநராக இருந்தபோது, மகள் படித்த கறுப்பினக் கல்லூரிக்கே போய் அவளைச் சந்தித்திருக்கிறார்.

தென் கரோலினாவில் இந்தப் பேச்சு பல பத்தாண்டுகளாக உலவிக்கொண்டுதான் இருந்தது. அறிவிப்பு வந்ததும் தர்மண்டின் குடும்பம் பெரிதாக மறுக்கவும் இல்லை, ஏற்றுக்கொண்டது. மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் இருக்கும் அவர் சிலையின் பீடத்தில் நான்கு பிள்ளைகளின் தகப்பன் என்று செதுக்கியிருந்ததை 2004இல் ஐந்து என்று திருத்தி, எஸ்ஸி மேயின் பெயரையும் சேர்த்தார்கள். கல்லில் செதுக்கிய எண்ணைத் திருத்திய தடம் இன்னும் தெரிகிறது என்பார்கள். இதை ஒரு நாவலாக நினைத்துப் பாருங்கள். ரகசியம் என்ன என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். 78 வயது வரை அந்த மகள் ஏன் பேசவில்லை, அவளுடைய தாய் என்ன நினைத்திருப்பாள், பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதுதான் நாவல்.

ஏன் பேச முடியவில்லை என்பதற்கு மானம் மட்டும் காரணம் இல்லை, சட்டமும் காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் பாதிக் கதை நழுவிவிடும். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணம் செய்துகொள்வதைத் தென்மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவித்தபோது இன்னும் 16 மாநிலங்களில் அவை நடைமுறையில் இருந்தன. அலபாமா தன் அரசியல் சாசனத்திலிருந்து அந்த வாசகத்தை நீக்கியது 2000ஆம் ஆண்டில்தான். மணம் செல்லாது என்றால் பிள்ளைக்கு வாரிசு உரிமை இல்லை. ஆகவே ஒரு ரகசியத்தைக் காப்பது என்பது பல நேரம் ஒரு பருத்தி நிலத்தை, ஒரு வீட்டைக் காப்பதுதான். இரும்புப் பெட்டியில் ஒரு திருமணச் சான்றிதழ், எரிக்கப்பட்ட ஓர் உயில் என்று இந்த நாவல்களில் வந்தால் ‘பழைய நாடகத் தந்திரம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். சார்ல்ஸ் செஸ்நட் 1901இல் எழுதிய ‘தி மேரோ ஆஃப் டிரடிஷன்’ நாவலில் அப்படி ஒரு காகிதம்தான் மையம். (இவர் நாட்குறிப்பு எழுதிய மேரி செஸ்நட்டுக்கு உறவு இல்லை, கறுப்பின எழுத்தாளர்.) ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பெண்கள், ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு, பார்ப்பதற்கு ஒரே சாயல், ஒரே ஊர், ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பின்னணியில் 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டனில் உண்மையாகவே நடந்த படுகொலை இருக்கிறது. அங்கே வெள்ளையர் கும்பல் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே ஆயுதத்தால் கவிழ்த்தது. வீட்டுக்குள் மறைக்கப்பட்ட காகிதமும் தெருவில் நடக்கும் கொலையும் ஒரே காரணத்தால் நடக்கின்றன என்று செஸ்நட் காட்டுகிறார். இவரைப் பலர் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

அடுத்து, உறவு பிடிபடவில்லை என்றீர்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நாவலைத் திறந்தவுடன் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தத் தப்பு நடந்த ஆண்டு, அது கதையில் சொல்லப்படும் ஆண்டு, புத்தகம் வெளிவந்த ஆண்டு. மிசிசிப்பி எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் ‘அப்சலம், அப்சலம்!’ 1936இல் வந்தது. அதில் தாமஸ் சட்பென் மிசிசிப்பிக்கு வருவது 1833இல், கொலை நடப்பது போர் முடிந்த 1865இல். ஆனால் கதையை நாம் கேட்பது 1909, 1910இல், க்வென்டின் என்ற இளைஞன் வழியாக. நடுவே நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி. சாட்சிகள் செத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பவர் ஒரு கோபக்காரக் கிழவி. க்வென்டினும் அவனோடு ஹார்வர்ட் விடுதி அறையில் இருக்கும் கனடாக்காரனும் தெரியாத இடங்களைத் தாங்களே இட்டுக்கட்டி நிரப்புகிறார்கள். எது நடந்தது, எது இவர்கள் கற்பனை என்று தெரியாமல் நீங்கள் குழம்பினீர்கள் என்றால் நன்றாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த நாவல் அந்தக் குழப்பத்தைத்தான் எழுதுகிறது.

மூன்றாவது ஆண்டும் முக்கியம். ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ 1930களின் நடுவில் நடக்கிறது, வந்தது 1960இல். இடையே 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது; 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டு, கொலையாளிகள் விடுவிக்கப்பட்டிருந்தார்கள். 1930களின் கோர்ட்டைப் பற்றி எழுதியபோது லீயின் கண் முன்னால் இருந்தது 1950களின் கோர்ட். அந்த நாவலுக்கு முன்பே அவர் எழுதி, 2015இல் வெளியான ‘கோ செட் எ வாட்ச்மேன்’ கதையில், ‘மாக்கிங்பேர்ட்’டில் ஒரு கறுப்பினத்தவருக்காக வாதாடிய அதே வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்ச், பிரிவினையைக் காப்பதற்காகத் திரண்ட வெள்ளையர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை மகள் மேல்மாடத்திலிருந்து பார்க்கிறாள். பல வாசகர்கள் இதனால் மனம் உடைந்துபோனார்கள். எனக்கு அது முதல் நாவலை இன்னும் ஆழமாகப் படிக்க வைத்தது. ஒரு குழந்தை அப்பாவைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ளாமல் வளர்ந்திருக்கிறாள் என்பதும் குடும்ப ரகசியம்தானே.

அதே ‘மாக்கிங்பேர்ட்’டில் டால்ஃபஸ் ரேமண்ட் என்று ஒருவர் வருகிறார். நல்ல குடும்பத்து வெள்ளையர். கறுப்பினப் பெண்ணோடு வாழ்கிறார். கலப்பினப் பிள்ளைகள் உண்டு. எப்போதும் காகிதப் பைக்குள் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு தள்ளாடி நடப்பார். பைக்குள் இருப்பது வெறும் கோக்கோ கோலா. குடிகாரன், அதனால்தான் இப்படி வாழ்கிறான் என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும், அதைத் தான் கொடுப்பதாகக் குழந்தைகளிடம் சொல்கிறார். சில பக்கங்கள் மட்டுமே வரும் பாத்திரம். இந்த வகை நாவல் முழுவதையும் புரிந்துகொள்ள எனக்கு இவர் ஒருவர் போதும். ஊர் உண்மையைத் தாங்கிக்கொள்ள ஒரு பொய்யைக் கேட்கிறது. அந்தப் பொய்யை யார் சுமப்பது என்பதில்தான் கதை.

இனி ஊரின் குரல். ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ 1930இல் வந்த சிறுகதை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. கதையைச் சொல்வது ஒரு தனி ஆள் இல்லை, ஊரே சேர்ந்து ‘நாங்கள்’ என்று சொல்கிறது. எமிலி க்ரியர்சன் பழைய பெருமைக் குடும்பத்தின் கடைசிப் பெண். வீட்டிலிருந்து நாற்றம் வருகிறது. ஒரு சீமாட்டியிடம் போய் நாற்றம் அடிக்கிறது என்று சொல்ல முடியுமா என்று ஊர்ப் பெரியவர் கேட்கிறார். ஆகவே நாலு ஆண்கள் நடுராத்திரியில் திருடர்கள் மாதிரி போய் வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவிவிட்டு வருகிறார்கள். மருந்துக்கடைக்காரர் அவள் கேட்ட ஆர்செனிக்கை எதற்கென்று தெரியாமலே கொடுத்துவிடுகிறார். முடிவை நான் சொல்லப்போவதில்லை. முதல் முறை படித்ததும் எல்லாரும் அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாம் முறை படிக்கும்போது டோப் என்ற கறுப்பின வேலைக்காரரை மட்டும் கவனியுங்கள். பல்லாண்டுகளாகக் கூடையோடு சந்தைக்குப் போய் வருபவர் அவர்தான். எமிலி இறந்ததும் வந்தவர்களுக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, வீட்டின் ஊடே நடந்து பின்வாசல் வழியாக வெளியேறுகிறார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். ‘நாங்கள்’ என்று பேசும் ஊருக்குள் அவர் சேர்த்தி இல்லை என்பதையும் கவனியுங்கள். யார் ஊர், யார் ஊர் இல்லை என்பதை அந்தக் கதை எங்குமே விளக்காமல் சொல்லிவிடுகிறது.

வாய் சொல்லாததைக் காகிதம் சொல்லிவிடும் என்பது இந்த நாவல்களின் இன்னொரு பெரிய விஷயம். தென்மாநிலங்களில் நிர்வாகத்தின் அடிப்படை அலகு கவுண்டி. அதன் தலைமை ஊரில், நடுச் சதுக்கத்தில், கோர்ட் கட்டடம் நிற்கும். பத்திரப் பதிவுகள், உயில்கள், திருமணப் பதிவேடுகள் எல்லாம் அதற்குள். பல கவுண்டிகளில் வெள்ளையருக்கு ஒரு திருமணப் பதிவேடு, கறுப்பினத்தவருக்குத் தனிப் பதிவேடு. வீட்டில் குடும்ப பைபிள் இருக்கும். அதன் தாள்களில் பிறப்பும் இறப்பும் எழுதி வைத்திருப்பார்கள். அடிமைகளின் வம்சத்துக்கு இதெல்லாம் கிடையாது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமை அட்டவணைகளில் எஜமானரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். அவர்களுக்குப் பெயர் கிடையாது. விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். ஒரு கறுப்பினக் குடும்பம் தன் முன்னோரைத் தேடினால் 1870இல் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னே போக வேண்டும் என்றால் தங்களை வைத்திருந்த குடும்பத்தின் கணக்குப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும்.

அந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்து எழுதிய மிகப் பெரிய பக்கங்கள் ஃபாக்னரின் ‘கோ டவுன், மோசஸ்’ (1942) நூலில் ‘தி பேர்’ என்ற பகுதியில் இருக்கின்றன. இங்கே ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் போனால் அந்தப் பக்கங்களில் நுழைவதே கஷ்டம், தெரிந்து போனால் ஒன்றும் குறையாது. ஐசக் மெக்காஸ்லின் 16 வயதில், பண்ணைக் கடையில், இரவில் தன் அப்பாவும் பெரியப்பாவும் எழுதி வைத்த பழைய பேரேடுகளைப் படிக்கிறான். மாவு, சர்க்கரை, உப்புக் கணக்கோடு அடிமைகளின் கணக்கும் அதில் இருக்கிறது. யூனிஸ் என்ற பெண்ணைத் தாத்தா 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கினார். 1832 கிறிஸ்துமஸ் அன்று அவள் ஓடையில் மூழ்கி இறந்தாள். அண்ணன் தம்பி இருவரில் ஒருவர், அவள் தானாகவே மூழ்கினாள் என்று எழுதுகிறார். அடிமை தற்கொலை செய்துகொள்வதாவது என்று மற்றவர் கேட்டு எழுதுகிறார். இருவரும் பேசிக்கொள்ளாமல் பேரேட்டிலேயே வாதிடுகிறார்கள். ஏன் செத்தாள் என்று பையன் யோசிக்கிறான். ஆறு மாதம் கழித்து அவளுடைய மணமாகாத மகள் டோமசினா பிரசவத்தில் இறந்திருக்கிறாள். அந்தக் குழந்தைக்குத் தாத்தா உயிலில் ஆயிரம் டாலர் எழுதி வைத்திருக்கிறார். டோமசினாவே தாத்தாவின் மகள்தான். தன் மகளிடமே அவர் பிள்ளை பெற்றிருக்கிறார். யூனிஸ் அந்த மகளின் தாய்.

எழுத்துப் பிழையோடு எழுதப்பட்ட ஒற்றை வரிக் கணக்குகளை அடுத்தடுத்து வைத்து ஒரு பையன் இதைப் புரிந்துகொள்கிறான். யாரும் அவனிடம் எதையும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் எழுதி மட்டும் வைத்தார்கள். அந்த ஆயிரம் டாலரைப் பற்றி ஐசக் நினைப்பது என்னை எப்போதும் தொந்தரவு செய்யும்: ஒரு கறுப்பினப் பெண் பெற்ற பிள்ளையை ‘மகனே’ என்று கூப்பிடுவதைவிட அது தாத்தாவுக்கு மலிவாகப் போயிற்று. ஐசக் 21 வயதில் நிலம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அதனால் யாருக்காவது ஏதாவது நன்மை வந்ததா என்று நூலின் மற்றக் கதைகள் கேட்கின்றன. ஆகவே ‘தி பேர்’ பகுதியை மட்டும் தனியாகப் படித்து நிறுத்தாதீர்கள்.

நடத்தை வழக்கங்கள் சில தெரிந்திருந்தால் வாசிப்பு எளிதாகும். கறுப்பினத்தவர் வெள்ளையர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வயதான கறுப்பினத்தவரை வெள்ளைக் குழந்தைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடும், அல்லது ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்னும். ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ என்று மரியாதையாகச் சொல்வதே இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1963இல் அலபாமா கோர்ட் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினச் சிவில் உரிமைப் போராளிக்கு, தன்னை ‘மிஸ் ஹாமில்டன்’ என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றதற்காக ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே ஒரு நாவலில் யாராவது ஒரு கறுப்பினப் பெண்ணை ‘மிஸஸ்’ என்று கூப்பிட்டாலோ, ஒரு கறுப்பினத்தவர் முன்வாசலில் வந்து நின்றாலோ, அந்த இடத்தில் ஏதோ உடையப் போகிறது என்று அர்த்தம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் வெள்ளைக் குடும்பங்களின் ரகசியம். கறுப்பினக் குடும்பங்களின் ரகசியம் வேறு வகை. அங்கே மறைப்பது பழியிலிருந்து தப்ப இல்லை, பிள்ளைகளை உயிரோடு வளர்க்க. தாத்தா ஏன் ஒரே இரவில் ஊரைவிட்டு சிகாகோவுக்குப் போனார், அத்தைக்குச் சொந்தமாக இருந்த நிலம் என்ன ஆனது, அப்பா எப்படி இறந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிள்ளை கோபப்படும், கோபப்பட்டால் கொல்லப்படும். 1877 முதல் 1950 வரை நடந்த 4,000க்கும் அதிகமான இனவெறிக் கும்பல் கொலைகளை ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. 2018இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் நினைவிடமும் எழுப்பியது. அங்கே இப்படிக் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு எஃகுத் தூண் தொங்குகிறது, 800க்கும் மேல். 1910க்கும் 1970க்கும் இடையே ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வெளியேறினார்கள். அத்தனை குடும்பங்களும் கூடவே எடுத்துப்போன சொல்லாத கதைகளை நினைத்துப் பாருங்கள். ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ (1982) நாவலில் நடுவே வரும் ஒரு கடிதம், கதாநாயகி செலியின் தகப்பனைப் பற்றி இப்படி ஓர் உண்மையைச் சொல்கிறது. அதோடு அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த வெட்கமும் புரண்டுவிடுகிறது. எர்னஸ்ட் கெய்ன்ஸின் ‘எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்’ (1983) இன்னும் நேரடியானது. லூயிசியானாவில் ஒரு வெள்ளையர் சுடப்பட்டுக் கிடக்கிறார். அந்தப் பண்ணையைச் சேர்ந்த கறுப்பினக் கிழவர்கள் பதினைந்துக்கும் மேற்பட்டோர், துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்து, ‘நான்தான் சுட்டேன்’ என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க விழுங்கிய ஒரு சம்பவத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். வாய் திறக்காத ஊர் கடைசியாக வாய் திறந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இதைப் படியுங்கள்.

இன்று நிறைய விற்கும் ஒரு வகை நாவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டி இறந்துவிடுவாள், நகரத்திலிருந்து பேத்தி பழைய வீட்டுக்கு வருவாள், மாடியில் ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் கிடைக்கும். இதில் நல்ல நாவல்களும் உண்டு. எடை போட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வீட்டுச் சமையல்காரிக்கு என்று சொந்தமாக ஒரு வீடு, ஒரு குடும்பம், சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறதா? அல்லது வெள்ளைக் கதாநாயகிக்கு ஆறுதல் சொல்லவும் கடைசியில் உண்மையை எடுத்துக் கொடுக்கவும் மட்டும்தான் அவள் வருகிறாளா? இரண்டாவது என்றால் நாவலாசிரியரும் அந்த ஊரின் பழைய வழக்கத்திலேயே இருக்கிறார். அதே போல, வெள்ளைத் தூண் வைத்த மாளிகை, பட்டு கவுன், விசுவாசமான வேலைக்காரர்கள் என்று பழைய தெற்கை ஏக்கத்தோடு காட்டும் புத்தகங்களும் ஏராளம். அந்தப் படம் தானாக உருவாகவில்லை. உள்நாட்டுப் போரில் தெற்குக்காகப் போரிட்ட வீரர்களின் வம்சப் பெண்கள் 1894இல் தொடங்கிய சங்கம் ஊர் ஊராகச் சிலை வைத்தது. பள்ளிப் பாடப்புத்தகங்களில் அடிமை முறை பற்றி என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று கண்காணித்தது. ஒரு குடும்பம் தன் கதையைத் திருத்திச் சொல்வது போல ஒரு பிரதேசமே சேர்ந்து திருத்திச் சொன்னது.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எழுத்துக்கூட்டல் பேச்சுக்கு ஏற்ப உடைந்திருக்கும், சத்தமாகப் படித்தால் புரிந்துவிடும். நம் வட்டார வழக்கு நாவல்களைப் படித்துப் பழகியவருக்குச் சில பக்கங்களில் காது பழகிவிடும். கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் அடிக்கடி வரும். அதைச் சொல்வது பாத்திரமா, கதைசொல்லியா, எழுத்தாளரின் சொந்தப் பார்வையா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பாருங்கள். ஃபாக்னரிடம் இந்த மூன்றும் சில இடங்களில் கலந்துவிடும். அங்கே அவரோடு சண்டை போட்டுக்கொண்டே படிக்கலாம், நான் அப்படித்தான் படிக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? கேட் ஷோபனின் ‘டிசிரேஸ் பேபி’ என்ற சிறுகதையிலிருந்து. 1893இல் வந்தது, சில பக்கங்கள்தான். லூயிசியானா பண்ணை வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. வாரங்கள் போகப் போக அதன் நிறத்தைப் பார்த்து வீடே மாறுகிறது. கடைசியில் ஒரு கடிதம் இருக்கிறது, அதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில், குழந்தை அழுத சத்தம் லா பிளாஞ்ச் என்ற அடிமைப் பெண்ணின் குடிசை வரை கணவனுக்குக் கேட்டதாக ஒரு வரி சாதாரணமாக வந்து போகும். அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. லா பிளாஞ்சின் பிள்ளைகளின் நிறத்தையும் கதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். அந்த இரண்டு வரிகளைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் இந்த வகையை வாசிக்கத் தெரிந்துகொண்டீர்கள்.

அப்புறம் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’, இரண்டு முறை. அதன் பிறகு ‘மாக்கிங்பேர்ட்’, உடனே கெய்ன்ஸ். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது முக்கியம். முதலாவதில் கறுப்பினத்தவர் கோர்ட்டின் மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், இரண்டாவதில் அவர்களே பேசுகிறார்கள். அமைதியான ஒன்று வேண்டும் என்றால் யூடோரா வெல்டியின் ‘தி ஆப்டிமிஸ்ட்ஸ் டாட்டர்’ (1972). அப்பாவின் சாவுக்கு ஊர் திரும்பும் மகள், பெற்றோரின் திருமணத்துக்குள் இருந்த வலியைத் தெரிந்துகொள்ளும் கதை. செஸ்நட்டையும் வாக்கரையும் இதற்கு முன்னும் பின்னும் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ‘கோ டவுன், மோசஸ்’ அதற்குப் பிறகு. ‘அப்சலம்’ கடைசியில். அந்த நூலின் பின்னால் ஃபாக்னரே காலவரிசையும் வம்சாவளியும் வரைபடமும் கொடுத்திருக்கிறார். பல பேர் ரகசியம் கெட்டுவிடும் என்று அதைப் பார்க்காமலே திணறுவார்கள். கூச்சப்படாமல் முதலிலேயே பார்த்துவிட்டு நாவலுக்குள் போங்கள்.

ஷோபனும் சார்ல்ஸ் செஸ்நட்டும் காப்புரிமை முடிந்தவர்கள். ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இருவருடைய நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஷோபனின் கதை ‘பாயூ ஃபோக்’ என்ற தொகுப்புக்குள் இருக்கிறது. படித்துவிட்டு, லா பிளாஞ்ச் பற்றிய அந்த இரண்டு வரிகளைப் பற்றி என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.